ஓர் எண்ணிக்கையில் முடியும் ஆட்டம்: மேசைப் போர்ப் போட்டியில் நெருக்கமான ஆட்டத்தை ஆடுவதற்கு முழுமையான வழிகாட்டி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போன பஸ்ஸில் என் மடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் ஓர் அங்குலம்கூட உயரமில்லாத பொம்மைக் குள்ளர் படை. லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறை, ஆறு மேசைகள், பன்னிரண்டு பேர், ஒரே நாளில் மூன்று ஆட்டங்கள். முதல் இரண்டும் ஒருபக்கமாக முடிந்தன. மூன்றாவது ஆட்டத்தில் வில்லியனூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவரிடம் ஓர் எண்ணிக்கை வித்தியாசத்தில் தோற்றேன். அந்த ஓர் எண்ணிக்கை எங்கே போனது என்று பல வாரங்கள் தேடினேன். தேடியதில் கிடைத்தவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

நாங்கள் ஆடுவது 'கிங்ஸ் ஆஃப் வார்'. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உள்ள மாண்டிக் கேம்ஸ் வெளியிடும் விளையாட்டு. இங்கே சொல்லும் விதிகள் 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பின்படி. ஆறடிக்கு நான்கடி மேசை. மினியேச்சர் வீரர்கள் ரெஜிமெண்ட், அதைவிடப் பெரிய ஹோர்ட் என்று அணியணியாகத் தட்டில் நிற்பார்கள். தனி வீரன் செத்து விழுவதில்லை. மொத்த அணியின் மேல் காயம் சேரும், ஒருகட்டத்தில் அணி முழுவதும் சிதறி ஓடும். யாருடைய முறையோ அவர் மட்டுமே பகடை உருட்டுவார். இருவரும் ஒரு முறை ஆடினால் ஒரு சுற்று. ஆட்டம் ஆறு சுற்று, சில சமயம் ஏழு. 1983-இல் தொடங்கிய வார்ஹாமர் பரம்பரையிலும், 2024-இல் வந்த 'தி ஓல்ட் வேர்ல்ட்' ஆட்டத்திலும் விதிகள் வேறு. ஆனால் நான் சொல்லப்போகும் முறை அங்கும் பொருந்தும். அந்த முறை இதுதான்: நெருக்கமான ஆட்டத்தைக் கடைசிச் சுற்றிலிருந்து முதல் சுற்றை நோக்கிப் பின்னோக்கி எண்ண வேண்டும். மற்ற எல்லாமே இதற்குத் துணை.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

போட்டி நடத்துகிறவர் அனுப்பும் விதித்தாளை முதலில் முழுதாகப் படியுங்கள். படையை எப்படி வரிசைப்படுத்துவது என்று யோசிக்கும் முன்பே படியுங்கள். அதில் நான்கு விஷயங்களை அடிக்கோடிடுங்கள்: எத்தனை புள்ளிப் படை, ஆளுக்கு எத்தனை நிமிடம், எந்தெந்தக் களக் காட்சிகள் (அந்த ஆட்டத்தில் எதைச் செய்தால் வெற்றி என்ற நோக்கம்), சமனுக்கும் சிறிய வெற்றிக்கும் என்ன மதிப்பெண். நான்காவதைப் பலர் பார்ப்பதே இல்லை. சில போட்டிகளில் ஒரு புள்ளியில் வென்றாலும் வெற்றி வெற்றிதான். சிலவற்றில் வித்தியாசத்துக்கு ஏற்ப மதிப்பெண் பிரியும். கடைசிச் சுற்றில் சமனைக் காப்பாற்றுவதா, துணிந்து வெற்றிக்குப் போவதா என்ற கேள்விக்கு விடை அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

படைப் பட்டியலை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று எதிராளிக்கு. ஒவ்வொரு அணிக்கும் எதிரே அதன் பாய்ச்சல் தூரத்தை, அதாவது எதிரி மேல் பாய்ந்து அடிக்க எட்டும் தூரத்தை, பெரிய எழுத்தில் எழுதுங்கள்; வேகத்தின் இருமடங்கு அது. குள்ளர் காலாட்படைக்கு வேகம் 4, ஆகவே பாய்ச்சல் 8 அங்குலம். வேகம் 5 உள்ள காலாட்படை 10 அங்குலம் பாயும். வேகம் 8 உள்ள குதிரைப்படை 16. இந்த எண்கள் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும்.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காதீர்கள். கடற்காற்றின் ஈரம் பட்டுப் பூச்சு சுண்ணாம்பு போலப் பொரிந்துவிடும், தூரிகையால் பூசுங்கள். தட்டுகளின் அடியில் காந்தம் ஒட்டி, தகரப் பெட்டியில் நிறுத்தி எடுத்துச் சென்றால் வேகத்தடையில் ஈட்டிகள் முறியாது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலைத் தட்டில் ஒட்டப்போகிறவர்கள் முதலில் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். உப்பு இருந்தால் வண்ணம் உரியும். இவை இல்லாமலும் ஆட்டம் நடக்கும். ஆனால் உடைந்த ஈட்டியை ஒட்டிக்கொண்டே முதல் ஆட்டத்தைத் தொடங்குகிறவருக்குக் கவனம் பாதிதான் இருக்கும்.

மேசைக்கு வந்ததும்: முதல் பத்து நிமிடம்

நெருக்கமான ஆட்டங்களில் எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்தப் பத்து நிமிடத்தைச் சரியாகப் பயன்படுத்தாததால் வருகின்றன. எதிராளிக்கு வணக்கம் சொல்லி, பட்டியலைக் கொடுத்து, மேசை மேல் உள்ள ஒவ்வொரு நிலப்பொருளையும் இருவரும் சேர்ந்து தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். தெர்மாகோல் குன்று எவ்வளவு உயரம் என்று கணக்கு? தேங்காய் நாரில் செய்த காடு எங்கே தொடங்குகிறது, மரத்தடியிலா, பச்சைத் துணியின் ஓரத்திலா? இந்தக் கல்சுவர் தாண்டக்கூடிய தடையா, தாண்டவே முடியாததா? தடையையோ கடினமான நிலத்தையோ கடந்து பாய்ந்தால் பகடையில் ஓர் எண் பாதகம். அந்த ஓர் எண் என்ன செய்யும் என்று பின்னால் கணக்கோடு காட்டுகிறேன். ஐந்தாம் சுற்றில், வெற்றி தோல்வி தொங்கிக்கொண்டிருக்கும்போது, காடு எங்கே முடிகிறது என்று பேச ஆரம்பித்தால் இருவருமே நேர்மையாளர்களாக இருந்தாலும் மனக்கசப்பு வரும்.

சாய்ந்து நிற்கும் பகடையை மறுபடி உருட்டுவதா, மேசைக்கு வெளியே விழுந்தால் என்ன என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

காட்சியைத் திணையாகப் படியுங்கள்

பள்ளியில் படித்த புறத்திணைகள் எனக்கு இந்த ஆட்டத்தில் உதவிய அளவு வேறெதுவும் உதவவில்லை. நம் முன்னோர் போரை ஒரே பொருளாகப் பார்க்கவில்லை. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை, மண்ணாசையால் படையெடுப்பது வஞ்சி, கோட்டையை வளைப்பது உழிஞை, காப்பது நொச்சி, நேருக்கு நேர் பொருது வலிமை காட்டுவது தும்பை. நோக்கம் மாறினால் சூடும் பூவே மாறியது.

இந்த விளையாட்டின் காட்சிகளும் அப்படித்தான். 'லூட்' என்பதில் நடுவில் கிடக்கும் பொருள்களைத் தூக்கிச் செல்ல வேண்டும். அது வெட்சியும் கரந்தையும். 'இன்வேட்' என்பதில் எதிரியின் பாதி நிலத்தில் நிற்கும் அணிகள் எண்ணப்படும், அது வஞ்சி. 'டாமினேட்' என்பதில் மேசையின் நடுப்புள்ளியிலிருந்து 12 அங்குலத்துக்குள் யாருக்கு அதிக எண்ணிக்கை என்று பார்ப்பார்கள். வளைப்பும் காப்பும் கலந்த ஆட்டம். எதிரியின் அணிகளை வீழ்த்துவதே நோக்கமான 'கில்' மட்டுமே தும்பை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லாக் காட்சியையும் தும்பையாகவே ஆடுகிறார்கள். எதிரியின் அணிகளை வீழ்த்தி வீழ்த்தி மகிழ்ந்து, கடைசியில் எண்ணும்போது எண்ணிக்கைக்குரிய இடத்தில் தங்கள் அணி ஒன்றுகூட இல்லாமல் நிற்கிறார்கள்.

அன்று எங்களுக்கு வந்தது 'டாமினேட்'. ஆட்டம் முடியும்போது எந்தெந்த அணி அந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும் என்று படையை இறக்கும் முன்பே பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணிக்கும் பட்டியலில் எண்ணிக்கை மதிப்பு உண்டு. தனியே நடக்கும் தலைவர்களுக்கு அது பெரும்பாலும் பூச்சியம். தலைவனை நடுவில் நிறுத்தி வென்றுவிடலாம் என்று நம்பி ஏமாறாதீர்கள்.

அடுத்து பின்னோக்கி எண்ணுங்கள். என் குள்ளர் ரெஜிமெண்ட் ஆறாம் சுற்றில் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். நேர்கோட்டில் விரைந்தால் ஒரு சுற்றுக்கு 8 அங்குலம், ஆனால் அப்படி விரையும்போது திரும்ப முடியாது. திசை மாற வேண்டுமானால் தனியாக ஒரு சுற்று போகலாம். ஆகவே வட்டத்தின் விளிம்பிலிருந்து 8 அங்குலம் தள்ளி, வேறு திசை பார்த்து நிற்கும் குள்ளர் அணிக்கு இரண்டு சுற்று வேண்டும். அப்படியானால் ஐந்தாம் சுற்றின் தொடக்கத்திலேயே அது நடுவை நோக்கித் திரும்பியாக வேண்டும். இந்தக் கணக்கை ஒவ்வோர் அணிக்கும் போட்டு, 'திரும்ப வேண்டிய சுற்று' என்று பட்டியலின் ஓரத்தில் எழுதுங்கள். நான் அன்று எழுதவில்லை.

தூரம் அளப்பது

1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, எல்லையை முடிவு செய்யப் பீரங்கியால் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம் வரையுள்ள கிராமங்கள் கோட்டையோடு சேர்ந்தன. கடலூரில் அவற்றைக் குண்டு கிராமங்கள் என்று சொல்வதுண்டு. நிலத்தை யார் வைத்திருக்கிறார் என்பதைவிட, யாருடைய ஆயுதம் எதுவரை எட்டுகிறது என்பதே எல்லை. மேசையிலும் இதே கதைதான்.

இந்த விளையாட்டில் எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம். பாய்ச்சல் தூரத்துக்குப் பகடை கிடையாது, எட்டினால் எட்டியது. ஆகவே அளக்காமல் நிற்பது துணிச்சலில் சேராது, கவனக்குறைவில்தான் சேரும். உங்கள் அணி 12 அங்குலம் பாயும், எதிரியின் அணி 10 பாயும் என்றால், நடுவில் இரண்டு அங்குலப் பட்டை ஒன்று இருக்கிறது. அங்கே நிற்கும்போது நீங்கள் அடிக்கலாம், அவரால் முடியாது. அந்தப் பட்டையில் நிற்பதற்காகத்தான் முதல் இரண்டு சுற்றுகள். என்னைப் போலக் குள்ளரை ஆடுகிறவர்களுக்கு அந்தப் பட்டை எதிராளி பக்கம் இருக்கும். அப்போது முதல் அடியை வாங்குவதற்கென்றே ஒரு மலிவான அணியை முன்னே நிறுத்த வேண்டும். தூசிப்படை என்று நம் மொழியில் அருமையான சொல் இருக்கிறது, அதையே நான் பயன்படுத்துகிறேன். தூசிப்படையை அடித்து முடித்த எதிரி அணி உங்கள் 8 அங்குலத்துக்குள் வந்து நிற்கும்.

நிறுத்தும்போது நோக்கத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "உங்கள் குதிரைப்படை 16 அங்குலம் பாயும். அதற்கு வெளியே நிற்கிறேன். அளந்து பார்த்துச் சரி என்று சொல்லுங்கள்." எதிராளி தலையசைத்துவிட்டால், பின்னால் தட்டு கால் அங்குலம் நகர்ந்திருந்தாலும் தகராறு வராது. தந்திரம் வெளியே தெரிந்துவிடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். தூரம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த ஒன்று, அதில் மறைக்க எதுவும் இல்லை. எதிராளி உங்கள் அணியின் எண்களைக் கேட்டாலும் முழுதாகச் சொல்லுங்கள்.

காயக் கணக்கு

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். நெருக்கமான ஆட்டத்தின் இதயம் இங்கேதான் இருக்கிறது.

12 தாக்குதல்கள், அதாவது 12 பகடை, உள்ள ஒரு ரெஜிமெண்ட்டை எடுத்துக்கொள்வோம். 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும், பட்ட அடிகளை மறுபடி உருட்டி 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காயம். முன்பக்கம் அடித்தால் சராசரியாக 6 அடி, 3 காயம். விலாவில் பாய்ந்தால் தாக்குதல் இரட்டிப்பு: 24 தாக்குதல், 6 காயம். முதுகில் பாய்ந்தால் மும்மடங்கு: 9 காயம். தடையைக் கடந்து முன்பக்கம் பாய்ந்தால் அடி பட 5 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 2 காயம்தான். பத்து நிமிடப் பேச்சில் காட்டின் ஓரத்தை முடிவு செய்யச் சொன்னதன் காரணம் இப்போது புரியும். மூன்றில் ஒரு பங்கு அங்கே போகிறது.

காயம் சேர்ந்தபின் உறுதிச் சோதனை. இரண்டு பகடை உருட்டி, விழுந்ததோடு மொத்தக் காயத்தைக் கூட்ட வேண்டும். அந்த அணியின் உறுதி எண் 14/16 என்றால், கூட்டல் 14-ஐத் தொட்டால் தடுமாறும். அடுத்த முறை அதனால் பாய முடியாது. 16-ஐத் தொட்டால் சிதறி ஓடும்.

இப்போது பாருங்கள். காயமே படாத அணியை முன்பக்கமாக அடித்து 3 காயம் கொடுத்தால், ஓடவைக்க 13 விழ வேண்டும். இரண்டு பகடையில் 13 கிடையாது. ஆக, சராசரியாக விழுந்தால் அந்தப் பாய்ச்சல் அந்த அணியை ஓட வைக்கவே முடியாது. திருப்பி அடிபடுவதுதான் மிச்சம். விலாவில் அடித்து 6 காயம் கொடுத்தால் 10 விழ வேண்டும்: 36 வாய்ப்பில் 6. ஒன்று முன்னால், ஒன்று விலாவில் என இரண்டு அணிகள் சேர்ந்து அடித்தால் 9 காயம், 7 விழுந்தால் போதும்: 36-இல் 21. ஒரே அணியைத் தனித்தனிச் சுற்றுகளில் இரண்டு முறை அடிப்பதைவிட ஒரே முறையில் இரு பக்கமும் அடிப்பது ஏன் மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்த வாய்ப்பு எண்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். 36-இல், 6 அல்லது மேல் விழ 26, 7-க்கு 21, 8-க்கு 15, 9-க்கு 10, 10-க்கு 6, 11-க்கு 3, 12-க்கு 1. எண்கள் சமமாக இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 12 வேண்டிய இடத்தில் இன்னொரு காயம் சேர்த்தால் கிடைப்பது 2 வாய்ப்பு. 8 வேண்டிய இடத்தில் இன்னொரு காயம் சேர்த்தால் 15-லிருந்து 21-க்கு, 6 வாய்ப்பு ஏறுகிறது. மிச்சம் இருக்கும் ஒரே ஒரு வில்லாளர் அணியின் அம்பை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கு இதுதான் விடை: 8 வேண்டிய நிலையில் இருக்கும் அணியின் மேல்.

இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் எவ்வளவு காயம் இருந்தாலும் அணி ஓடாமல் நின்றுவிடும். அதைத் தடுக்க வழியில்லை, வருந்தவும் வேண்டாம். ஆனால் ஊக்கமளிக்கும் தலைவன் விஷயத்தில் வழி உண்டு. அப்படிப்பட்ட தலைவன் 6 அங்குலத்துக்குள் இருந்தால், அவன் பக்கத்து அணி ஓடுவதாகச் சோதனை முடிந்தாலும் இன்னொரு முறை உருட்ட வேண்டும். இரண்டாவது முடிவே செல்லும். 36-இல் 21 என்ற வாய்ப்பு, அதாவது 58 சதவீதம், இரண்டு முறை வர வேண்டும் என்றாகும்போது 34 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே நான்காம் சுற்றுக்குள் எதிரியின் கொடி பிடித்தவனையோ தலைவனையோ அப்புறப்படுத்துங்கள், அல்லது அவன் எட்டாத ஓரத்து அணியை அடியுங்கள்.

இன்னொரு நுட்பம். ஒரே சுற்றில் இரண்டு மூன்று சண்டைகள் இருந்தால் எதை முதலில் உருட்டுவது என்பது உங்கள் விருப்பம். முடிவு உறுதியில்லாத சண்டையை முதலில் உருட்டுங்கள். எதிரியை ஓடவைத்த அணி அந்த இடத்திலேயே திரும்பி நிற்கலாம், ஒரு பகடை அளவு முன்னேறலாம், கொஞ்சம் பின்வாங்கலாம். பக்கத்துச் சண்டை எப்படி முடிந்தது என்று தெரிந்திருந்தால்தான் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும்.

அரியாங்குப்பத்தில் நேரத்தைக் கரைக்காதீர்கள்

1748-இல் பாஸ்கவென் தலைமையில் பெரும் ஆங்கிலப் படை புதுச்சேரியைப் பிடிக்க வந்தது. நேரே நகரத்துக்குப் போகாமல், வழியிலிருந்த அரியாங்குப்பம் சிறு கோட்டையில் ஆகஸ்ட் மாதத்து நாள்களைத் தொலைத்தது. பிறகு நகரத்தை வளைத்தபோது வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. நோயும் மழையும் சேர, அக்டோபரில் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். கடலூர் பஸ் அரியாங்குப்பத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூன்றாவது ஆட்டம் நினைவுக்கு வருகிறது.

இரண்டாம் சுற்றில் எதிராளி, விலங்குகள் மேல் ஏறிவரும் கோப்ளின் (குட்டிப் பூதம்) சிறுபடை ஒன்றை என் இடது ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். என் ரெஜிமெண்ட்டின் விலாவை அது மிரட்டியது. நான் ரெஜிமெண்ட்டை முழுதாக அதன் பக்கம் திருப்பினேன். மூன்றாம் சுற்றில் அது விலகி நின்றது, நான் துரத்தினேன். நான்காம் சுற்றில் என் பீரங்கியும் சேர்ந்து அதை ஓடவைத்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் என் ரெஜிமெண்ட் அப்போது நடுப்புள்ளியிலிருந்து 20 அங்குலத்துக்கும் மேல் தள்ளி, மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இரை வைக்கப்படும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை நான் கண்டுகொள்ளாமல் விட்டால் கடைசி எண்ணிக்கையில் என்ன குறையும்? அந்தக் கோப்ளின் படை விலாவில் பாய்ந்திருந்தாலும் சில காயங்கள்தான் பட்டிருக்கும். தலைவன் ஒருவனை இடையில் நிறுத்தி அதன் பாதையை அடைத்திருந்தால் அதுவும் பட்டிருக்காது.

கடிகாரம்

ஆளுக்கு 60 நிமிடம் என்றால் சுற்றுக்குப் பத்து என்று பிரிக்காதீர்கள். முதல் சுற்றில் செய்ய அதிகம் இல்லை. மூன்றும் நான்கும் மூளையைத் தின்னும். நான் இப்போது வைத்துக்கொள்ளும் கணக்கு: 6, 8, 13, 13, 8, 6. மொத்தம் 54. மீதி 6 நிமிடம் ஏழாவது சுற்றுக்கு. சதுரங்கக் கடிகாரத்தை அழுத்தும் கையாலேயே மிச்ச நேரத்தைப் பட்டியல் ஓரத்தில் எழுதிவிடுங்கள். எதிராளியின் முறையில் உங்கள் அடுத்த நகர்வை யோசியுங்கள். அவர் உருட்டும்போது வெறுமனே வேடிக்கை பார்க்கிறவருக்குத்தான் நேரம் போதாமல் போகும். நேரம் தீர்ந்தால் என்ன நடக்கும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும், நடத்துகிறவரிடம் காலையிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஆட்டம் பிற்பகலில் வரும். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதை ஆடாதீர்கள்.

நான்காம் சுற்றின் முடிவில் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இங்கே ஒரு முழு நிமிடத்தைச் செலவழியுங்கள், கடிகாரம் ஓடட்டும். ஆட்டம் இந்தக் கணமே முடிந்தால் யாருக்கு எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு, எதிராளியின் எந்த அணிகள் கடைசிச் சுற்றுக்குள் எண்ணிக்கைக்குரிய இடத்துக்கு வந்து சேர முடியும் என்று பாருங்கள். வந்து சேர முடியாத எதிரி அணி, எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், இனி உங்களுக்கு இல்லாத அணி. அதன் மேல் ஓர் அம்பைக்கூட வீணாக்க வேண்டாம். பட்டியல் ஓரத்தில் எழுதிய 'திரும்ப வேண்டிய சுற்று' இப்போதுதான் கைகொடுக்கும்.

முன்னிலையில் இருந்தால் பகடை உருட்டும் தருணங்களைக் குறையுங்கள். பின்தங்கியிருந்தால் எத்தனை அதிர்ஷ்டம் வேண்டும் என்று எண்ணி, குறைவான எண்ணிக்கையில் அதிர்ஷ்டம் கேட்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். 8 விழ வேண்டிய சோதனை இரண்டு அடுத்தடுத்து வெற்றி பெற வேண்டும் என்றால் வாய்ப்பு 17 சதவீதம். 9 விழ வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று என்றால் 28 சதவீதம். பார்வைக்கு இரண்டாவது கடினமாகத் தெரியும். கணக்கு வேறு சொல்கிறது.

ஆறும் ஏழும்

ஆறாம் சுற்று முடிந்ததும், இரண்டாவதாக ஆடியவர் ஒரு பகடை உருட்டுவார். 1, 2, 3 விழுந்தால் ஆட்டம் முடிந்தது. 4, 5, 6 விழுந்தால் இன்னும் ஒரு சுற்று. பாதிக்குப் பாதி. அதனால் ஆறாம் சுற்றை இரண்டு முடிவுகளுக்கும் சேர்த்தே ஆட வேண்டும்.

முதலாவதாக ஆடுகிறவருக்கு ஆறாம் சுற்று கடினம், ஏனென்றால் எதிராளி அவருக்குப் பின் நகர்வார். அந்த நிலையில் எதிரியை வீழ்த்துவதைவிட அவர் பாதையை அடைப்பது மேல். 36-இல் 21 வாய்ப்பை நம்பி ஓர் அணியை அடிப்பதைவிட, அடிபட்டுத் தேய்ந்த தூசிப்படை ஒன்றைக் குதிரைப்படையின் மூக்குக்கு நேரே நிறுத்தினால், அந்தக் குதிரைப்படை நடுவட்டத்துக்குள் வருவது பெரும்பாலும் நின்றுவிடும். நடுவில் நிற்கும் அணியின் விலா திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குன்றின் ஓரமோ தாண்ட முடியாத பாறையோ இன்னோர் அணியோ விலாவை மூடட்டும். முன்பக்கம் எவ்வளவு அடி வாங்கினாலும் நிற்கும் அணி, விலாவில் ஒரே அடியில் கரைந்துவிடும்.

இரண்டாவதாக ஆடுகிறவருக்கு வேறு ஆபத்து. ஆறாம் சுற்றில் எல்லாவற்றையும் நடுவுக்குள் கொட்டி முன்னிலை பெறுவார். பகடையில் 4 விழுந்தால், முதுகையும் விலாவையும் திறந்துவைத்த அணிகளோடு ஏழாவது சுற்றைச் சந்திப்பார். முன்னிலைக்குத் தேவையான அளவு மட்டும் உள்ளே அனுப்புங்கள். காயம் குறைந்த ஓர் அணியையாவது வெளியே, பாய்ச்சல் தூரத்தில் வைத்திருங்கள்.

அன்று நான் முதலாவது ஆள். ஆறாம் சுற்றின் முடிவில் எனக்கு 5, எதிராளிக்கு 4. அவர் பகடையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உருட்டுங்கள் தம்பி" என்றேன். நான்கு விழுந்தது. என் இடது ரெஜிமெண்ட் ஆறாம் சுற்றில்தான் நடுவை நோக்கித் திரும்பியிருந்தது. ஏழாவதில் 8 அங்குலம் விரைந்தது. விளிம்பைத் தொட இன்னும் அரை அங்குலம் இருந்தது. அவர் வெளியே வைத்திருந்த ஒரே குதிரைப்படை, நடுவில் நின்ற என் அணியின் விலாவில் பாய்ந்தது. 7 வேண்டியிருந்தது, 9 விழுந்தது.

தகராறு வந்தால்

கை வைத்து எதையும் நகர்த்தும் முன் நடுவரைக் கூப்பிடுங்கள். நகர்த்திய பின் வரும் நடுவரால் ஒன்றும் செய்ய முடியாது. விலாவா முன்பக்கமா என்ற சந்தேகம்தான் அதிகம் வரும். அணியின் மூலையிலிருந்து 45 பாகையில் கோடு பிடித்துப் பார்க்க அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டி எடுத்துச் செல்லுங்கள். இருவருக்கும் உண்மையிலேயே தெரியவில்லை என்றால் ஒரு பகடை உருட்டி முடிவு செய்துகொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள். அந்த அரை அங்குலத்தை நாங்கள் இருவரும் தனித்தனியாக, என் டேப்பிலும் அவர் டேப்பிலும் அளந்தோம். அவர் மூன்று முறை அளந்தார், எனக்குச் சாதகமாக வந்துவிடாதா என்று தேடியபடி. அந்த அக்கறையை நான் மறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும்

மதிப்பெண் தாளில் இருவரும் கையெழுத்திட்ட பின், வீரர்களைப் பெட்டியில் அடுக்கும் முன், எதிராளியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆட்டம் எங்கே திரும்பியது? உங்கள் பதிலை முதலில் மனதில் குறித்துக்கொண்டு பிறகு கேளுங்கள். நான் ஏழாவது சுற்றுப் பகடை என்று நினைத்திருந்தேன்.

"இல்லை அண்ணா" என்றார் அவர். "இரண்டாவது சுற்றில் உங்கள் இடது ரெஜிமெண்ட் கோப்ளினைப் பார்க்கத் திரும்பியதே, அப்போது. அந்தச் சிறுபடையை அதற்காகத்தான் வாங்கினேன். அது பிழைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை."

பட்டியலின் ஓரத்தில் அதை அப்படியே எழுதினேன்: இரண்டாம் சுற்று, இடது ரெஜிமெண்ட், நடுவிலிருந்து எத்தனை அங்குலம், எந்தப் பக்கம் பார்த்தது. கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து மற்ற அணிகளுக்கும் அதே போல எழுதிக்கொண்டு வந்தேன். கன்னியக்கோயில் வருவதற்குள் ஏழு அணிகளுக்கும் 'திரும்ப வேண்டிய சுற்று' முடிந்திருந்தது. அந்தத் தாளை இப்போதும் பிஸ்கட் டின்னின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.